ஃபைபர் ஒயர்: திண்டுக்கல் வீட்டுக்கும் மில்லுக்கும் சில குறிப்புகள்

பெரிய டேட்டா சென்டரைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் போக வேண்டும். திண்டுக்கல்லில் இருப்பவை சிறியவை. வேடசந்தூர் சாலை நூற்பாலையின் அலுவலக மூலையில் ஒன்று, ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஒன்று, கல்லூரிக் கணினிக் கூடத்தின் பின்னறையில் ஒன்று. ஆறடி ரேக்கோ, சுவரில் மாட்டிய பெட்டியோ, எதுவானாலும் அதற்கு சர்வர் ரூம் என்று பெயர். அதை விடச் சிறியது நம் வீட்டு ஹாலில் பச்சை லைட் எரியும் மோடம். எல்லாவற்றுக்குள்ளும் வருவது அதே கண்ணாடி இழைதான். "நெட் ஸ்லோ" என்ற புகாரைத் தோண்டிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒயரின் நடுவில் இருக்காது. நுனியிலோ, மடங்கிய மூலையிலோ, பெயர் எழுதாத இணைப்பிலோதான் இருக்கும். அதனால் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சமும், வாங்கிய பின் பார்த்துக்கொள்வதைப் பற்றி நிறையவும் இங்கே.

1. முதலில் டேப்பை எடுத்துத் தூரத்தை அளந்து பாருங்கள். சாதாரண லேன் ஒயர் 100 மீட்டர் வரைக்கும்தான். ஒரே கட்டடத்துக்குள், அந்தத் தூரத்துக்குள் என்றால் ஃபைபருக்குச் செலவழிக்கத் தேவையில்லை. கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். ஆனால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு, அதாவது மில் அலுவலகத்திலிருந்து எடை மேடைக்கோ கேட்டுக்கோ ஜெனரேட்டர் ஷெட்டுக்கோ போவதென்றால், 40 மீட்டரே இருந்தாலும் ஃபைபர்தான் சரி. இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறாக இருக்கும். இடி இறங்கினால் செம்புக் கம்பி வழியாக மின்சாரம் ஒரு பக்கத்துச் சுவிட்சிலிருந்து மறுபக்கத்துச் சுவிட்ச் வரைக்கும் போய்விடும். கண்ணாடியில் அது போகாது. பெரிய மோட்டார்கள் கிளப்பும் மின் இரைச்சலும் அதைத் தொடாது.

2. சிங்கிள் மோடா, மல்டி மோடா? சிங்கிள் மோடு இழையில் ஒளி போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்; மல்டி மோடில் 50 மைக்ரான், பழைய வகையில் 62.5. தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். ரேக்குக்கு ரேக் பக்கத்தில் இருக்கும் பெரிய கூடங்களில் மல்டி மோடுக்கு இன்னும் வேலை உண்டு. ஓஎம்3 வகையில் 10 ஜிகாபிட் வேகம் 300 மீட்டர் வரை போகும், ஓஎம்4 வகையில் 400 மீட்டர். ஆனால் 100 ஜிகாபிட்டுக்கு அதே ஒயர்கள் 70 மீட்டரிலும் 100 மீட்டரிலும் நின்றுவிடுகின்றன.

திண்டுக்கல்லில் கேட்டால் என் பதில் ஒன்றுதான்: சிங்கிள் மோடு போடுங்கள். கேபிள்காரர் கையில் இருக்கும் பிக்டெயில், பேட்ச் கார்டு எல்லாம் அந்த வகைதான். ராத்திரி எட்டு மணிக்கு ஒயர் அறுந்தால் ஊரிலேயே ஒட்டிவிடலாம். மல்டி மோடு என்றால் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். நாளைக்கு வேகத்தைக் கூட்டினாலும் சிங்கிள் மோடு ஒயரை மாற்ற வேண்டாம், இரண்டு பக்கமும் இருக்கும் கருவிகளை மாற்றினால் போதும். இரண்டு வகையையும் ஒரே வழியில் கலந்து மட்டும் போட்டுவிடாதீர்கள். லைட் எரியும், டேட்டா தடுமாறும், காரணம் பிடிபடாது.

3. நிறத்தைப் பாருங்கள். உள்ளறைப் பேட்ச் கார்டில் மஞ்சள் என்றால் சிங்கிள் மோடு, ஆரஞ்சு பழைய மல்டி மோடு, கடல் நீலம் ஓஎம்3 அல்லது ஓஎம்4, எலுமிச்சைப் பச்சை ஓஎம்5. வெளியே போகும் ஒயர் எல்லாம் கறுப்பு. அதில் நிறம் எதையும் சொல்லாது, உறையில் அச்சடித்திருப்பதைத்தான் படிக்க வேண்டும். ஜி.652டி என்றால் சாதாரண இழை, ஜி.657ஏ1, ஏ2 என்றால் வளைவைத் தாங்கும் இழை. வீட்டுக்குள் மூலை முடுக்கில் திருப்ப ஏ2 நல்லது.

4. நீல முனையைப் பச்சைச் சாக்கெட்டில் சொருகாதீர்கள். பச்சை முனையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தில் அந்தச் சாய்வு கிடையாது. சொருகினால் உள்ளே போகும், "டிக்" என்று பிடித்துக்கொள்ளவும் செய்யும். ஆனால் இரண்டு முகமும் சேராமல் நடுவில் காற்று இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும், முகத்தில் கீறலும் விழலாம். வீட்டு மோடம்களில் பெரும்பாலும் பச்சை. சுவிட்சில் சொருகும் சின்ன மாட்யூல்களில் பெரும்பாலும் நீலம். கடைக்குப் போகும்போது பழைய கார்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

5. ஃபைபரை லேன் ஒயரோடு சேர்க்கும் மீடியா கன்வர்ட்டரை ஒற்றை இழையில் ஓட்டுவதென்றால் அது ஏ, பி என்று ஜோடியாக வரும். ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி. இரண்டு ஏ வாங்கி வந்தால் இரண்டும் பேசிக்கொள்ளாது. உபரியாக வாங்கி வைக்கும்போதும் இரண்டிலும் ஒவ்வொன்று வேண்டும். இன்னொன்று: 80 கிலோமீட்டர் போகும் மாட்யூல் "பவர்" அதிகம் என்று 200 மீட்டருக்கு வாங்காதீர்கள். அளவு மீறிய வெளிச்சம் எதிர்ப்பக்கத்து ரிசீவரைக் கெடுத்துவிடும்.

6. இரண்டு கோர் (இழை) போதும் என்றால் ஆறு கோர் இழுங்கள். ஆறு வேண்டுமென்றால் பன்னிரண்டு. பள்ளம் தோண்டும் கூலியோடு பார்த்தால் கூடுதல் கோருக்கு ஆகும் விலை சொற்பம். பன்னிரண்டு கோரின் நிற வரிசை: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, கடல் நீலம். எந்த நிறம் எந்த வேலைக்கு என்று பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

7. ஒயரின் உறையில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் எண் அச்சாகியிருக்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. முடிவு எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்தால் நீங்கள் காசு கொடுத்த நீளம் வந்ததா என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் ஒரு பயனும் உண்டு. ஒயரைப் போடும்போது சுவரைத் தாண்டும் இடம், மரத்தைத் தாண்டும் இடம், கேட், இவற்றில் என்ன எண் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். பின்னால் ஒயர் அறுந்தால் ஓடிடிஆர் கருவியை வைத்துப் பார்ப்பவர் "340 மீட்டரில் கட்" என்பார். தொடக்க எண்ணிலிருந்து 340 மீட்டர் எந்த மரத்தடி என்று உங்கள் குறிப்பில் இருந்தால் அரை நாள் அலைச்சல் மிச்சம். கண்ணாடி இழை உறையை விடச் சற்று நீளமாகத்தான் உள்ளே கிடக்கும், அதனால் சில மீட்டர் முன்பாகவே தேடத் தொடங்குங்கள்.

8. மண்ணுக்குள் போகும் ஒயர் வேறு, கம்பத்தில் தொங்கும் ஒயர் வேறு. தோப்பும் காடும் உள்ள இடங்களில் அணிலும் எலியும் உறையைக் கடிக்கும். அவற்றின் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். சிறுமலை அடிவாரத்துத் தென்னந்தோப்புக்குள் வெறும் டிராப் ஒயரை விட்டால் அதிக நாள் தாங்காது. இரும்புத் தகடு சுற்றிய ஒயரோ கெட்டியான குழாயோ வேண்டும். தகடு சுற்றிய ஒயரை எடுத்தால் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அந்தத் தகட்டை எர்த்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கண்ணாடி கடத்தாத இடியைத் தகடு கடத்திவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இதன் அருமை தெரியும். உள்ளே இரும்புக் கம்பிக்குப் பதில் ஃபைபர்கிளாஸ் குச்சி வைத்த ஒயரும் கிடைக்கிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்க அதுவே மேல்.

9. காம்பவுண்டுக்குள் புதைத்தால் குறைந்தது மூன்றடி ஆழம், குழாய்க்குள். பாறை தட்டும் இடத்தில் (நம் ஊரில் தட்டாத இடம் குறைவு) ஆழம் கிடைக்காது. அங்கே இரும்புக் குழாய் போட்டு மேலே கான்கிரீட் போடுங்கள். ஒயருக்கு ஓரடி மேலே எச்சரிக்கை டேப்பும் விரித்துவிட்டால் அடுத்த தடவை கடப்பாறை போடுகிறவர் நிறுத்திக்கொள்வார். ரோட்டோரம் ஜேசிபி வைத்துத் தோண்டும் முன் மத்திய அரசின் "கால் பிஃபோர் யூ டிக்" செயலியில் இடத்தைப் பதிந்துவிடுங்கள். 2023 மார்ச்சில் தொடங்கப்பட்ட இதன் வேலையே, அந்த மண்ணுக்கடியில் ஒயரோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்வதுதான்.

10. தெருவில் தொங்கும் கறுப்பு ஒயர் யாருடையது என்று தெரியாமல் அறுக்காதீர்கள். பாரத்நெட் திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் வேலையை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் பார்க்கிறது. அவற்றில் 306 ஊராட்சிகள் நம் மாவட்டத்தில். வரப்பு ஓரம் தாழ்ந்து கிடக்கும் ஒயர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போவதாக இருக்கலாம். உங்கள் சொந்த ஒயரிலும் ஆங்காங்கே "உள்ளே செம்பு இல்லை" என்று தமிழில் எழுதித் தொங்கவிடுங்கள். திருடுகிறவருக்கும் ஏமாற்றம் மிச்சமாகும்.

திருவிழா ஊர்வலம் போகும் தெருவாக இருந்தால் உயரத்தையும் பாருங்கள். மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழாச் சமயத்தில் தாழ்ந்த ஒயரைக் கம்பு வைத்துத் தூக்குவார்கள், தூக்க முடியாவிட்டால் அறுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

11. வளைவு. சாதாரண இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே மடக்கக் கூடாது. அதாவது சுருட்டி வைத்தால் அந்த வளையம் எவர்சில்வர் டம்ளரின் வாயை விடச் சிறுத்துவிடக் கூடாது. ஏ1 வகை 10 மில்லிமீட்டர் வரையும் ஏ2 வகை ஏழரை வரையும் தாங்கும். கதவிடுக்கு, ஜன்னல் கம்பி, அலமாரியின் பின்பக்கம், இவைதான் வீட்டில் ஒயர் நசுங்கும் இடங்கள். ரேக்கில் செய்யும் தவறு வேறு: நைலான் டையை இறுக்கிக் கட்டுவது. இழை உடையாது, ஆனால் அழுத்தம் பட்ட இடத்தில் வெளிச்சம் கசியும். கட்டுக்கம்பியைக் கேட்கவே வேண்டாம். வெல்க்ரோ பட்டை போதும், கட்டிய பின் கட்டு கொஞ்சம் நகர வேண்டும். நீள ஒயரை இழுக்கும்போது தரையில் எட்டு வடிவத்தில் போட்டு இழுத்தால் முறுக்கு விழாது.

12. நுனியைத் துடைப்பது. இருப்பதிலேயே முக்கியமானது இதுதான், பலர் செய்யாததும் இதுதான்.

1966இல் சார்லஸ் காவ் என்ற பொறியாளர் ஒரு கட்டுரை எழுதினார். அப்போதிருந்த கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டருக்கு 1,000 டெசிபல் அளவுக்கு வெளிச்சம் தொலைந்துகொண்டிருந்தது. கண்ணாடியின் இயல்பே அப்படி என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். இழப்புக்குக் காரணம் கண்ணாடியில் கலந்த அழுக்கு, அதை நீக்கினால் 20 டெசிபலுக்குக் கொண்டுவரலாம் என்றார் அவர். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டிக் காட்டினார்கள். காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல். கண்ணாடிக்குள் இருந்த அழுக்கை இவ்வளவு பாடுபட்டு எடுத்தார்கள்; நாமோ நுனியில் புதிதாக அழுக்கைப் பூசி மோடத்தில் சொருகுகிறோம்.

9 மைக்ரான் வாயை அடைக்க ஒரு தூசி போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். வேட்டி நுனி, சட்டை, கர்சீப் எதுவும் வேண்டாம். துணி தன் இழையை அங்கே விட்டுவிட்டு வரும். விரலால் தொட்டால் எண்ணெய் ஒட்டும். பேனா போல இருக்கும் கிளிக் கிளீனர் ஒன்று வாங்குங்கள். அழுத்தினால் உள்ளே ஒரு நூல் நகர்ந்து முகத்தைத் துடைக்கும். கார்டின் நுனியைத் துடைத்தால் மட்டும் போதாது, சாக்கெட்டுக்குள் இருக்கும் முகத்தையும் துடைக்க வேண்டும். ஒரு பக்கத்து அழுக்கு மறுபக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். திரவம் வைத்துத் துடைப்பதானால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, துடைத்ததும் உலர்ந்த பஞ்சில்லாத் தாளால் ஒரு தடவை துடைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அது காயும்போது கறை விடும். புது கார்டு என்பதால் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். மூடியின் உள்பக்கத்திலேயே தூசி இருக்கும்.

நூற்பாலைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும் இடம். சர்வர் ரூம் கதவை ஸ்பின்னிங் பக்கம் திறக்கும்படி வைக்காதீர்கள். கூட்டிப் பெருக்கும் நேரத்தில் ரேக் கதவு சாத்தியிருக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு முனைக்கும் சாக்கெட்டுக்கும் உடனே மூடி. அந்தச் சின்ன மூடிகளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், மேசை டிராயரில் கொட்டி வைத்தால் மூடியே பஞ்சைக் கொண்டுவந்து சேர்க்கும்.

13. எரிகிறதா என்று நுனியைக் கண்ணில் வைத்துப் பார்க்கக் கூடாது. இழையில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. டெக்னீஷியன் வைத்திருக்கும் சிவப்பு லைட்டும் லேசர்தான், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். ஒயரை வெட்டும்போது சிதறும் கண்ணாடித் துணுக்குகள் பெருக்கினால் போகாது, பாதத்தில் ஏறினால் எடுப்பதும் சிரமம். கறுப்புத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யச் சொல்லி, துணுக்குகளை டேப்பில் ஒட்டி எடுத்து மூடியுள்ள பாட்டிலில் போடச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

14. "கையால் மாட்டும் கனெக்டர் போதும் சார்" என்று சொன்னால், மெஷின் வைத்து ஒட்டித் தரக் கேளுங்கள். உருக்கி ஒட்டிய இடத்தில் இழப்பு 0.1 டெசிபலுக்குள் அடங்கும். கை கனெக்டருக்குள் ஒரு ஜெல் இருக்கும். மொட்டை மாடிச் சித்திரை வெயிலில் கிடந்தால் அது நாளடைவில் காய்ந்துவிடும். அவசரத்துக்குக் கை கனெக்டர் பரவாயில்லை. ஜாயின்ட் பாக்ஸ் எதுவானாலும் நிழலில், ஒயர் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி.

15. வேலை முடிந்ததும் "பவர் எவ்வளவு வருது?" என்று கேட்டு, தேதியோடு மோடம் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டு இணைப்பில் இது மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 27 வந்தால் விளிம்பு. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 8ஐ விட வலுவாக வந்தாலும் கோளாறுதான். ஓர் இழையின் வெளிச்சத்தை 32 வீட்டுக்குப் பிரித்தாலே சுமார் 17 டெசிபல் போய்விடும், அதற்கு யாரையும் கோபிக்க முடியாது. ஆனால் போட்ட நாளில் மைனஸ் 19, ஆறு மாதம் கழித்து மைனஸ் 25 என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. 3 டெசிபல் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிறது என்று கணக்கு. இங்கே கால்வாசிதான் வருகிறது. அந்தச் சீட்டு சுவரில் இருந்தால் புகார் சொல்லும்போது பேச்சு சுருக்கமாக முடியும்.

16. எல்.ஓ.எஸ். லைட் சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். கார்டு கழன்றிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போன் செய்யுங்கள். குண்டூசி எடுத்து ரீசெட் ஓட்டையில் குத்தாதீர்கள். அது அறுந்த ஒயரை ஒட்டாது, மோடத்தில் போட்டு வைத்த விவரங்களை எல்லாம் அழித்துவிடும்.

17. ரேக்கில் ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு நுனியிலும் பெயர் எழுதுங்கள்: எங்கிருந்து எங்கே என்று. பால்பாயின்ட் எழுத்து ஒரு கோடையில் மறைந்துவிடும். மார்க்கரில் எழுதி மேலே கண்ணாடி டேப் ஒட்டலாம். தமிழில் எழுதலாமா என்றால் தாராளமாக. "எடை மேடை" என்று எழுதினால் ராத்திரி ஷிப்ட் வாட்ச்மேனும் படிப்பார். பல இடங்களில் எந்த ஒயர் எங்கே போகிறது என்பது ஒரே ஒருவர் தலையில்தான் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால் ரேக் புதிராகிவிடும். மாதம் ஒரு தடவை ரேக்கைப் போட்டோ எடுத்து வையுங்கள். பேட்ச் கார்டை அளவாக வாங்குங்கள். ஒரு மீட்டர் வேண்டிய இடத்தில் ஐந்து மீட்டர் கார்டைத் தொங்கவிட்டால் காற்றோட்டம் அடைபடும், கையும் தட்டும். பயன்படாத ஒயரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

18. கறுப்பு வெளி ஒயரைக் கட்டடத்துக்குள் நீளமாக ஓட்டாதீர்கள், தீ பிடித்தால் அது பரப்பும். நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எல்ஐயூ என்ற இணைப்புப் பெட்டியில் முடித்து, உள்ளே புகை குறைந்த உறை உள்ள ஒயருக்கு மாற்றுங்கள். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், கல்யாண மண்டபங்களில் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

19. நெட் நிற்கவே கூடாத இடத்தில் இரண்டு கம்பெனி இணைப்பு வைப்பது வழக்கம். இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே பள்ளத்தில் வந்தால் ஒரு ஜேசிபி இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடும். வாசலில் நின்று இரண்டு ஒயரும் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று கண்ணால் பாருங்கள். பெரிய டேட்டா சென்டர்களில் இதற்காகவே கட்டடத்தின் வெவ்வேறு பக்கங்களில் இரண்டு நுழைவாயில் வைப்பார்கள். அது முடியாவிட்டால் ஒன்று ஃபைபர், மற்றது சிம் கார்டு போடும் ரூட்டர்.

20. பொது வராண்டாவில் இருக்கும் பெட்டிக்கு ஒரு பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம் ஊரிலேயே கிடைக்கும்போது, ரேக்கோடு வரும் தகரச் சாவியை நம்புவானேன்? மாற்றுச் சாவி மேனேஜரிடம் இருக்கட்டும், டெக்னீஷியனிடம் வேண்டாம்.

21. பழைய லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். கரண்ட் போனாலும் போன் பேசலாம். ஃபைபரில் அது கிடையாது, கண்ணாடி மின்சாரம் கொண்டுவராது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலை ஒன்பது மணிக்கு மோடம் அணைந்தால் அதோடு வீட்டு போனும் அணையும். மோடத்தின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் என்று இருக்கும், பக்கத்தில் எத்தனை ஆம்பியர் என்றும் இருக்கும். அந்த இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு போய் அதற்கேற்ற மினி யூபிஎஸ் வாங்குங்கள். மில்லில் ரேக்குக்குப் பெரிய யூபிஎஸ் இருக்கும், ஆனால் எடை மேடையில் இருக்கும் மீடியா கன்வர்ட்டரை வெறும் பிளக்கில் மாட்டியிருப்பார்கள். அதையும் போய்ப் பாருங்கள்.